பிளாட்பெட் வண்டியில் சங்கிலியும் பெல்ட்டும் எங்கே, எப்படி வைக்கிறீர்கள்?

மேடைவண்டி:
எல்லோருக்கும் வணக்கம். இத்தனை நாள் மூடிய கன்டெய்னர் ஓட்டியவன், இப்போதுதான் சுவரும் கூரையும் இல்லாத பிளாட்பெட்டுக்கு வந்திருக்கிறேன். லோடு கட்டுவது எப்படி என்று சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். இறக்கி முடித்த பிறகு இந்தச் சாமான்களை எங்கே வைப்பது என்று மட்டும் யாரும் வாயைத் திறப்பதில்லை. என்னிடம் 20 அடி சங்கிலி 10, ராட்செட் பைண்டர் (சங்கிலியை இறுக்கும் கருவி) 10, 4 இன்ச் பெல்ட் 12, மூலைக் காப்பு கொஞ்சம், தார்ப்பாய் 2 இருக்கின்றன. வண்டியின் பக்கவாட்டில் ஒரே ஒரு டூல் பாக்ஸ். இதுவரை எல்லாவற்றையும் அதற்குள்ளேயே திணித்து வந்தேன்.

மழையில் இறக்கிவிட்டு மூடிய பெட்டியை ஒரு வாரம் கழித்து நேற்றுதான் திறந்தேன். அடியில் துருத்தண்ணீர் தேங்கி நிற்கிறது. பெல்ட் எல்லாம் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கிறது. ஒரு பெல்ட்டின் ஓரத்தில் பைண்டர் உட்கார்ந்து, வண்டி குலுங்கக் குலுங்க அறுத்திருக்கிறது. அரை இன்ச் அகலத்துக்கு நூல் நைந்து பஞ்சு மாதிரி நிற்கிறது. அந்த பெல்ட்டை ஒரே ஒரு லோடுக்குத்தான் கட்டினேன். சாலையில் தேயாதது பெட்டிக்குள் கிடந்து தேய்ந்துவிட்டது. நீங்கள் எப்படி வைக்கிறீர்கள் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.

பழைய பைண்டர்:
தம்பி, முதல் வேலையாக சங்கிலியையும் பெல்ட்டையும் பிரித்து வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம். சங்கிலி இரும்பு, எப்போதும் துருவும் மண்ணும் ஒட்டியிருக்கும். பெல்ட் நூல். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் குலுக்கினால் உப்புத்தாளை வைத்துத் துணியைத் தேய்ப்பது போலத்தான். ஒரே பெட்டிதான் இருக்கிறது என்றால் நடுவில் ஒரு பலகையை வைத்துத் தடுத்துவிடுங்கள், பைண்டர் சங்கிலிப் பக்கம் போகட்டும். கைக்கு வேலை ஒரு மணி நேரம்கூட ஆகாது.

அந்த நைந்த பெல்ட்டை மறுபடி கட்டாதீர்கள். 4 இன்ச்சில் அரை இன்ச் என்றால் எட்டில் ஒரு பங்கு போய்விட்டது. ஐரோப்பாவில் இந்த பெல்ட்டுகளுக்கான தரம் இஎன் 12195-2, அந்தப் பக்கம் ஓரத்தில் 10 சதவீதத்துக்கு மேல் வெட்டு விழுந்தால் பெல்ட்டை ஒதுக்கிவிடுவார்கள். உங்களுடையது அதைத் தாண்டிவிட்டது.

ராத்திரி ஓட்டம்:
நான் சங்கிலியைப் பெட்டியிலேயே போடுவதில்லை. கேபினுக்குப் பின்னால் ரேக் இருக்கிறது, அதில் வரிசையாகக் கொக்கி. சங்கிலியை இரண்டாக மடித்து நடுக்கண்ணியைக் கொக்கியில் மாட்டிவிடுவேன். எடுக்க வசதி, தண்ணீர் தேங்காது, காற்றில் காய்ந்துவிடும். எது இருக்கிறது எது இல்லை என்று ஒரு பார்வையில் தெரிந்துவிடும். மறந்து எங்கேயாவது விட்டுவிட்டு வருவதே இல்லை.

சங்கிலிக்கட்டு:
ரேக்கில் மாட்டுவது நல்ல வழிதான். ஆனால் மாட்டியதோடு விட்டுவிடாதீர்கள், இதைக் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். என் அனுபவம் ஒன்று சொல்கிறேன்.

காலியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன், நல்ல இருட்டு. பின்னால் வந்தவர் விடாமல் விளக்கை அடித்துக்கொண்டே வந்தார். முந்தப் பார்க்கிறார் என்று நினைத்து ஒதுங்கி வழி விட்டேன், அவர் முந்தவில்லை. கண்ணாடியில் பார்த்தால் என் வண்டிக்கு அடியில் பொறி பறக்கிறது. ஓரம் கட்டி இறங்கிப் பார்த்தேன். ரேக்கில் மாட்டியிருந்த சங்கிலி குலுங்கிக் குலுங்கி ஒரு பக்கமாக இறங்கி, ஒரு முனை தரையைத் தொட்டிருக்கிறது. மறு முனையின் கொக்கி ரேக்கில் சிக்கியிருந்ததால் முழுசாக விழவில்லை. தரையில் இழுபட்ட கொக்கியைக் கையில் எடுக்க முடியவில்லை, அவ்வளவு சூடு. ஒரு பக்கம் பாதிக்குப் பாதி தேய்ந்து வெள்ளி மாதிரி பளபளத்தது. இன்னும் ஐந்து கிலோமீட்டர் போயிருந்தால் கொக்கி அறுந்து பின்னால் வந்தவர் கண்ணாடியில் போய் அடித்திருக்கும். பைக்காரர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்று நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

அன்றிலிருந்து மூன்று வேலை தவறாமல் செய்கிறேன். மாட்டிய சங்கிலியின் இரண்டு முனைக் கொக்கிகளையும் தொங்கவிடாமல் மேலே கொண்டுவந்து அதே சங்கிலியின் கண்ணியில் மாட்டுவேன். ரேக்கின் அடியில் ஒரு தட்டு, ஓரம் மடித்தது, சங்கிலி நழுவினால் அதில்தான் விழும். கடைசியாக எல்லாச் சங்கிலிக்கும் குறுக்கே ஒரு ரப்பர் பட்டையை இழுத்து மாட்டிவிடுவேன். சங்கிலி ஆடக்கூடாது. ஆடினால் சத்தம் வரும், சத்தம் வந்தால் எங்கேயோ தேய்கிறது என்று அர்த்தம்.

மேடைவண்டி:
அண்ணே, படிக்கும்போதே பதறுகிறது. ரேக் வைக்கிற யோசனை எனக்கும் இருந்தது. ஒரு சந்தேகம், இவ்வளவு எடையை கேபினுக்குப் பின்னால் உயரத்தில் ஏற்றினால் வண்டிக்கு ஏதும் ஆகாதா?

இரும்புக் காயில்:
கணக்குப் போட்டுப் பார்த்துவிடுவோம். 3/8 இன்ச் சங்கிலி 20 அடி, இரண்டு பக்கக் கொக்கியோடு சேர்த்து ஒன்று சுமார் 15 கிலோ வரும். பத்து என்றால் 150. ராட்செட் பைண்டர் ஒவ்வொன்றும் 5 கிலோவுக்குக் குறையாது, அது ஒரு 50. ஆக 200 கிலோ. வண்டிக்கு அது பெரிய பாரம் இல்லை, ஆனால் முன் அச்சு ஏற்கெனவே எல்லையில் நிற்கிற வண்டியாக இருந்தால் எடை மேடையில் அதுவும் சேர்ந்து தெரியும். ஒரே பக்கத்தில் குவிக்காமல் இரண்டு பக்கமும் பிரித்து வைத்தால் போதும்.

எனக்கு வண்டியைவிட மனிதனைப் பற்றித்தான் கவலை. 15 கிலோவைத் தோளுக்கு மேலே தூக்கி மாட்ட வேண்டும், ஒரு நாளைக்குப் பத்து தடவை, மழையில் வழுக்குகிற படியில் நின்றுகொண்டு. என் தோள்பட்டை போனது அப்படித்தான். இப்போது என் ரேக்கின் கொக்கிகள் எல்லாம் இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இருக்கும். தரையில் நின்றபடியே மாட்டலாம், எடுக்கலாம். மேல் பகுதியில் மூலைக் காப்பு, ரப்பர் பாய் மாதிரி எடையில்லாத சாமான் மட்டும்தான்.

பழைய பைண்டர்:
காயில் சொல்வது நூற்றுக்கு நூறு. இன்னொன்றும் யோசியுங்கள் தம்பி. உங்கள் வண்டி ஒரே உடம்பா, இல்லை இழுக்கிற டிராக்டர் (கேபின் உள்ள முன்வண்டி) தனி, ட்ரெய்லர் தனியா? ட்ரெய்லரை அங்கங்கே கழற்றிவிட்டு வேறு ட்ரெய்லர் இழுக்கிற வேலை என்றால் சாமான் டிராக்டரிலேயே இருக்க வேண்டும். ட்ரெய்லர் பெட்டியில் வைத்தால் அது ஒரு ஊரில், நீங்கள் ஒரு ஊரில்.

மேடைவண்டி:
ஒரே ட்ரெய்லர்தான், மாறாது. அப்படியென்றால் ட்ரெய்லருக்கு அடியிலேயே இன்னொரு பெட்டி மாட்டிவிடலாம் போலிருக்கிறது.

ஈரத்துணி:
பெட்டி மாட்டுகிறீர்கள் என்றால் சக்கரத்துக்கு நேர் பின்னால் மாட்டாதீர்கள். சக்கரம் வாரி அடிக்கிற சேறும் தண்ணீரும் முழுக்க அந்தப் பெட்டி மூடியில்தான் விழும், எந்த ரப்பரும் அதற்குத் தாங்காது. சக்கரத்துக்கு முன்னால் இடம் இருந்தால் அங்கே மாட்டுங்கள்.

அடித்தகட்டில் ஓட்டை போடுங்கள், இதைப் பாதிப் பேர் செய்வதே இல்லை. வெளியிலிருந்து வருகிற தண்ணீரைவிட நாமே நனைந்த சாமானோடு உள்ளே கொண்டுபோய் வைக்கிற தண்ணீர்தான் அதிகம். அதற்குப் போக வழி வேண்டும். பெட்டி எந்த மூலைக்குச் சாய்கிறதோ அந்த மூலையில் ஓட்டை. அதற்கு மேல் ஓட்டையுள்ள தடித்த ரப்பர் பாய் ஒன்றைப் போட்டால் சாமான் தண்ணீரில் உட்காராது, இரும்பில் இரும்பு மோதுகிற சத்தமும் அடங்கும். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஓட்டையில் குச்சி விட்டுக் குத்துங்கள், மண் அடைத்திருக்கும்.

சங்கிலிக்கு நான் வாளி வைத்திருக்கிறேன். ஒரு வாளிக்கு ஒரு சங்கிலி. ஒரு முனைக் கொக்கியை வாளி விளிம்பில் மாட்டிவிட்டு, மிச்சத்தைக் கையால் மேலிருந்து கொட்டவிட வேண்டும். அது தன்பாட்டுக்கு அடுக்கிக்கொள்ளும். எடுக்கும்போது கடைசியாக விழுந்த முனையைப் பிடித்து இழுத்தால் சிக்கில்லாமல் வரும். ஒரே வாளியில் இரண்டு போட்டீர்களோ, அவ்வளவுதான், அரை மணி நேரம் உட்கார்ந்து பிரிக்க வேண்டும். வாளி அடியிலும் ஓட்டை வேண்டும்.

ராத்திரி ஓட்டம்:
வாளி நல்ல யோசனை. எனக்கு ஒரு கேள்வி இருக்கிறது. துருப் பிடித்த சங்கிலியை ஆசிட்டில் ஊறவைத்துச் சுத்தம் செய்யலாமா? ஒருவர் செய்து காட்டினார், புதுசு மாதிரி ஆகிவிட்டது.

சங்கிலிக்கட்டு:
வேண்டாம். வேண்டவே வேண்டாம். வெளியே புதுசு மாதிரி இருக்கும், உள்ளே உடையத் தயாராக இருக்கும். லோடு கட்டுகிற சங்கிலி சாதா இரும்பு இல்லை, சூட்டில் பதப்படுத்திக் கடினமாக்கியது. ஆசிட் பட்டால் அதிலிருந்து வருகிற ஹைட்ரஜன் எஃகுக்குள் இறங்கி அதை நொறுங்குகிற மாதிரி ஆக்கிவிடும். கிரேடு 80, கிரேடு 100 (எண் கூடினால் பலம் கூடும்) எல்லாம் இதற்கு ரொம்பவே பயப்பட வேண்டிய சங்கிலிகள். நீளாமல், வளையாமல், ஒரு எச்சரிக்கையும் கொடுக்காமல் படாரென்று போகும். அந்தச் சங்கிலியை இனி லோடுக்குக் கட்டாதீர்கள்.

இதே காரணத்துக்காகத்தான் பேட்டரி இருக்கிற பெட்டியில் சங்கிலியோ பெல்ட்டோ வைக்கக்கூடாது. பேட்டரிப் புகையும் கசிவும் சும்மா விடாது.

மேலே படிந்த துருவுக்குக் கம்பித் தூரிகை போதும். துருவே பெரிய ஆபத்து இல்லை, துருவுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்ப்பதுதான் முக்கியம். கண்ணியும் கண்ணியும் உட்காருகிற வளைவில் விரலை விட்டுத் தடவிப் பாருங்கள், பள்ளம் தெரியும். கம்பியின் தடிமன் 10 சதவீதத்துக்கு மேல் தேய்ந்திருந்தாலோ, கண்ணி 3 சதவீதத்துக்கு மேல் நீண்டிருந்தாலோ அந்தச் சங்கிலிக்கு ஓய்வு. கண்ணியில் 7 அல்லது 70, 8 அல்லது 80 என்று குத்தியிருப்பார்கள், அதுதான் கிரேடு. அந்த எண் துருவில் மறைந்துவிட்டால் அமெரிக்காவில் அதை இருப்பதிலேயே கீழ்க் கிரேடாகத்தான் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். 3/8 இன்ச் கிரேடு 70 சங்கிலிக்கு 6,600 பவுண்டு, அதாவது சுமார் 3 டன் வரை பாதுகாப்பாகப் பாரம் கொடுக்கலாம். எண் தெரியாவிட்டால் அதே சங்கிலிக்கு 2,650 பவுண்டு மட்டும்தான்.

நூல்காரன்:
எல்லோரும் சங்கிலியையே பேசுகிறீர்கள், நான் பெல்ட்டுக்கு வருகிறேன்.

முதலில் என்ன நூல் என்று பாருங்கள். லேபிளில் நீல நிறம் என்றால் பாலியெஸ்டர், பச்சை என்றால் நைலான், பழுப்பு என்றால் பாலிபுரொப்பிலீன். இது ஐரோப்பியத் தரத்தில் வருகிற பெல்ட்டுக்கு. நம்மில் பெரும்பாலோர் கையில் இருப்பது பாலியெஸ்டர். அது ஆசிட்டை ஓரளவு தாங்கும், காரத்தை (ஆசிட்டுக்கு எதிரான அல்கலி) தாங்காது. நைலான் நேர் எதிர், காரத்தைத் தாங்கும், ஆசிட்டுக்கு ஆகாது. சிமென்ட், கான்கிரீட் துண்டுகள் ஏற்றுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஈர சிமென்ட் கடுமையான காரம். பெல்ட்டில் அந்தத் தூசி படிந்திருக்க, அப்படியே நனைத்துச் சுருட்டி வைத்தால் உள்ளே அது தின்றுகொண்டே இருக்கும். இன்னொன்று, லேசான ஆசிட்டோ காரமோ பட்டது, ஒன்றும் ஆகவில்லை என்று விட்டுவிடுவோம். தண்ணீர் மட்டும் ஆவியாகி அந்த ரசாயனம் பெல்ட்டிலேயே தங்கித் தங்கிக் கெட்டியாகும், அப்போதுதான் கெடுக்கும். அதனால் சந்தேகம் இருந்தால் உடனே நல்ல தண்ணீரில் அலசுங்கள். லேசான சோப்பு போதும், பிளீச்சிங் பவுடர் பக்கமே போகாதீர்கள். நிழலில் காயவையுங்கள். இன்ஜின் மேலேயும் சைலன்சர் பக்கத்திலும் போட்டுக் காயவைக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன், மனசு வலிக்கும்.

அடுத்தது வெயில். பெல்ட்டை வின்ச்சிலேயே (வண்டி ஓரத்தில் பெல்ட்டைச் சுற்றி இறுக்கும் உருளை) சுற்றி விட்டுவிட்டு மாதக்கணக்கில் ஓட்டுகிறவர்கள் உண்டு. வசதிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வெளிச் சுற்று முழுக்க வெயிலில் வேகும். நிறம் வெளுத்து, தொட்டால் சொரசொரவென்று, விரலில் பொடி ஒட்டும். அந்த இடத்தை மடித்துப் பார்த்தால் விறைப்பாக நிற்கும், புது பெல்ட் மாதிரி தளதளவென்று மடியாது. அந்தப் பொடி நூலின் பலம்தான், வெயில் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக உதிர்த்துக்கொண்டிருக்கிறது.

மேடைவண்டி:
சுருட்டுவதில் ஏதாவது முறை இருக்கிறதா அண்ணா? நான் கொக்கியை நடுவில் வைத்து அதைச் சுற்றிச் சுருட்டுகிறேன், அதுதான் சுலபமாக வருகிறது.

நூல்காரன்:
திருப்பிச் சுருட்டுங்கள். கொக்கி இல்லாத முனை நடுவில், கொக்கி வெளியே. காரணம் சொல்கிறேன். லோடு கட்டும்போது வின்ச் ஒரு பக்கம் இருக்கும், நீங்கள் எதிர்ப் பக்கம் நின்று கொக்கியை ஓரச் சட்டத்தில் மாட்டிவிட்டு, சுருளை லோடுக்கு மேலே எறிவீர்கள். சுருள் தானே அவிழ்ந்துகொண்டு போய் அந்தப் பக்கம் வெறும் முனையோடு விழும், நேரே வின்ச்சில் நுழைத்துவிடலாம். கொக்கி நடுவில் இருந்தால் அந்த இரும்பும் சுருளோடு பறந்து போய் லோடையோ, அந்தப் பக்கம் நிற்கிறவர் தலையையோ அடிக்கும். எறிவதற்கு முன்னால் எப்படியும் ஒரு குரல் கொடுத்துவிடுங்கள்.

சுருட்டும்போது இன்னொரு பலனும் இருக்கிறது. பெல்ட் முழுக்க ஒவ்வொரு அடியாக உங்கள் கையைத் தாண்டிப் போகிறது. கண் எங்கேயோ இருந்தாலும் விரலுக்குத் தெரியும், இங்கே ஓரம் நைந்திருக்கிறது, இங்கே தையல் பிரிந்திருக்கிறது, இங்கே ஏதோ உருகி விறைத்திருக்கிறது என்று. சுருட்டும் கருவி வைத்திருக்கிறவர்களும் ஒரு கையைப் பெல்ட்டின் மேல் வையுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. முடிச்சுப் போட்ட பெல்ட்டைப் பார்த்தால் அன்றைக்கே வெளியே போட்டுவிடுங்கள், முடிச்சு விழுந்த இடத்தில் பலம் பாதியாகிவிடும்.

ஈரத்துணி:
நூல்காரன் சொன்னதோடு ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். நனைந்த பெல்ட்டை உடனே இறுக்கிச் சுருட்டி மூடாதீர்கள். அன்றைக்கு நேரமில்லை என்றால் தளர்வாக மடித்துப் போட்டுவிட்டு, அடுத்த முறை நிற்கும்போது ரேக்கில் தொங்கவிட்டுக் காயவைத்துச் சுருட்டுங்கள். பாலியெஸ்டர் தண்ணீர் குடிக்காது, பூஞ்சையும் அதைத் தின்னாது, ஆனால் நூல் இடுக்கில் போன மண் ஈரத்தோடு அங்கேயே தங்கிவிடும். அடுத்த முறை வின்ச்சில் இறுக்கும்போது அந்த மண்தான் உள்ளிருந்து நூலை அறுக்கிறது. ராட்செட்டிலும் கொக்கியிலும் துரு பிடிப்பது வேறு கதை.

ராத்திரி ஓட்டம்:
நான் எல்லாவற்றுக்கும் பழைய இன்ஜின் ஆயில் தடவி வைத்துவிடுவேன், துருத் தொந்தரவே இல்லை.

பழைய பைண்டர்:
தம்பி, அதில் எனக்குச் சம்மதமில்லை. சங்கிலியில் ஆயில் தடவினால் போகிற வழியில் உள்ள தூசியெல்லாம் அதில்தான் ஒட்டும், நாலு நாளில் அது அரைக்கிற பசையாகிவிடும். கையில் வழுக்கும், லோடில் கறை படும், அங்கிருந்து பெல்ட்டுக்கும் போகும். ஆயில் தேவைப்படுகிற இடம் பைண்டரின் மரைத்தண்டும் ராட்செட்டின் பல்லும் அச்சும்தான். அங்கே கொஞ்சம் விட்டு, வழிவதைத் துணியால் துடைத்துவிடுங்கள். சங்கிலி நீண்ட நாள் சும்மா கிடக்கப் போகிறது என்றால் மட்டும் லேசாக ஒரு கை தடவலாம், எடுக்கும்போது துடைத்துவிட வேண்டும்.

பைண்டரை முழுக்க விரித்த நிலையில் வைக்காதீர்கள். மரைத்தண்டு வெளியே நீண்டிருந்தால் அதில் மண் ஏறும், ஏதாவது மோதி வளைந்தாலும் போச்சு. முழுக்க உள்ளே சுருக்கி வையுங்கள்.

இரும்புக் காயில்:
பூட்டு போடுங்கள், அவ்வளவுதான் நான் சொல்ல மிச்சமிருப்பது. ரேக்கில் வெளியே தொங்குகிற சங்கிலி இரவில் நிறுத்துமிடத்தில் காணாமல் போக நிறைய நேரம் ஆகாது.

மேடைவண்டி:
எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் கழித்து வருகிறேன், செய்ததைச் சொல்லிவிடுகிறேன். ட்ரெய்லரின் இடது பக்கம் சக்கரத்துக்கு முன்னால் புதிதாக ஒரு பெட்டி, அது சங்கிலிக்கும் பைண்டருக்கும் மட்டும். பத்து வாளிக்கு இடம் இல்லை. ஆறு சங்கிலி வாளியில், நான்கு ரேக்கில், அடியில் தட்டோடும் குறுக்கே ரப்பர் பட்டையோடும். பழைய பெட்டியைக் கழுவிக் காயவைத்து, ஓட்டை போட்டுப் பாய் விரித்து, பெல்ட்டுக்கே கொடுத்துவிட்டேன். பன்னிரண்டையும் நூல்காரன் அண்ணா சொன்ன மாதிரி கையில் ஓட்டிச் சுருட்டினேன். அந்த நைந்தது போக, இன்னொன்றில் கொக்கிப் பக்கத் தையல் நான்கு விரல் நீளத்துக்குப் பிரிந்திருந்தது. மேலே பார்த்தால் தெரியவே இல்லை, கை வைத்தபோதுதான் தட்டுப்பட்டது. அதையும் சேர்த்து இரண்டை ஒதுக்கிவிட்டேன். இப்போது அந்த இரண்டையும் என்ன செய்வது? தூக்கிப் போட மனசு வரவில்லை.

சங்கிலிக்கட்டு:
முழுசாக மட்டும் விட்டுவைக்காதீர்கள் தம்பி. அவசரத்தில் யாராவது, ஒரு நாள் நீங்களே கூட, எடுத்துக் கட்டிவிடுவீர்கள். கொக்கியையும் லேபிளையும் வெட்டி எடுத்துவிட்டு, மிச்சத்தை இரண்டு இரண்டு அடித் துண்டாக நறுக்குங்கள். பெயின்ட் அடித்த இயந்திரம் ஏற்றும்போது சங்கிலிக்கு அடியில் மெத்தை மாதிரி வைக்க அருமையாக இருக்கும்.

மேடைவண்டி:
இப்போதுதான் நறுக்கி முடித்தேன் அண்ணே. முப்பது துண்டு வந்தது. பைண்டர் பக்கத்தில் ஒரு சாக்கில் போட்டு வைத்திருக்கிறேன்.